எண்ணும் கண்ணும்: கிரிக்கெட் மட்டையாளரின் பெருமையை அளக்கும் இரு வழிகள்

முன்னுரை

2001ஆம் ஆண்டில் ‘விஸ்டன் 100’ என்னும் தரவரிசை வெளிவந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் அதுவரை ஆடப்பெற்ற இன்னிங்ஸ்களுள் மிகச் சிறந்த நூற்றைக் கணிப்பொறியின் துணையோடு தெரிந்தெடுக்கும் முயற்சி அது. எடுக்கப்பட்ட ஓட்டங்களோடு எதிரணிப் பந்துவீச்சின் வலிமை, ஆடுகளத்தின் இயல்பு, ஆட்டத்தின் முடிவு முதலியவையும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டன. 1937 ஜனவரியில் மெல்பர்னில் டான் பிராட்மன் எடுத்த 270 ஓட்டங்கள் முதலிடத்தையும், 1999இல் பிரிட்ஜ்டவுனில் பிரயன் லாரா ஆட்டமிழக்காமல் எடுத்த 153 ஓட்டங்கள் இரண்டாமிடத்தையும் பெற்றன. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட டெஸ்ட் சதங்களை எடுத்திருந்த சச்சின் தெண்டுல்கரின் இன்னிங்ஸ் ஒன்றுகூட அந்த நூற்றில் இடம்பெறவில்லை.

இந்தியாவில் இதனால் எழுந்த சினம் சிறிதன்று. 1999 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக, முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு தெண்டுல்கர் எடுத்த 136 ஓட்டங்களைக் கண்டவர்கள், அதனினும் சிறந்த நூறு இன்னிங்ஸ்கள் உள்ளன என்பதை ஏற்க மறுத்தனர். வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவைப்பட்ட அவ்வாட்டத்தில் அவர் வெளியேறியபோது எஞ்சியவை 17 ஓட்டங்களே. அடுத்து வந்தோர் 4 ஓட்டங்களுக்குள் மூன்று விக்கெட்டுகளையும் இழந்தனர். இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. ஆட்ட முடிவுக்கு மதிப்புத் தரும் எந்தக் கணக்கிலும் தோற்ற அணியினரின் ஆட்டம் பின்னுக்குச் செல்வது இயல்பு. ஆனால் அரங்கில் இருந்தவர்களோ தோல்வியைப் பிறரிடமும் ஆட்டத்தைத் தெண்டுல்கரிடமும் வைத்துப் பிரித்துக் கண்டனர். அதே பட்டியலில், சதத்தை எட்டாத ஓர் இந்தியரின் இன்னிங்ஸ் 38ஆம் இடத்தைப் பெற்றிருந்தது. சினத்தின் இடையே இதனை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அதனைப் பின்னர் விரிவாக நோக்குவோம்.

மட்டையாளரைப் புள்ளிவிவரத்தால் மதிப்பிடுவதா, ஆட்டத்தைக் கண்டு மதிப்பிடுவதா என்னும் வினா பழையது. எனினும் இன்று அதன் தன்மை மாறியுள்ளது. 1877 முதல் ஆடப்பட்ட ஒவ்வொரு டெஸ்ட் ஆட்டத்தின் விவரமும் கைப்பேசியில் நொடிப்பொழுதில் கிடைக்கிறது. அவ்வாட்டங்களைக் கண்டவர்களோ குறைந்துகொண்டே வருகின்றனர். குண்டப்பா விஸ்வநாத்தின் சராசரி 41.93, ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸின் சராசரி 61.87 என்று இரண்டு எண்களை மட்டுமே காணும் மாணவன் யாரைப் பெரியவர் என்பான்? தரவுகளின்படி அவன் பிழை செய்யவில்லை. அவனுக்கு நாம் கூறவேண்டிய விடை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சராசரி என்னும் கணக்கு

மட்டையாளர் எடுத்த மொத்த ஓட்டங்களை அவர் எத்தனை முறை ஆட்டமிழந்தாரோ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது சராசரி. ஆடிய இன்னிங்ஸ்களின் எண்ணிக்கையால் வகுப்பதில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. ஆட்டமிழக்காமல் திரும்பிய இன்னிங்ஸின் ஓட்டங்கள் மேலே சேர்கின்றன. கீழே எதுவும் சேர்வதில்லை.

இக்கணக்கின் தலைமகன் பிராட்மன். 52 டெஸ்ட் ஆட்டங்கள், 80 இன்னிங்ஸ்கள், 6996 ஓட்டங்கள், 70 முறை ஆட்டமிழப்பு. சராசரி 99.94. 1948 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் அரங்கில் தம் கடைசி இன்னிங்ஸை ஆட வந்தபோது இன்னும் 4 ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும். எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாம் பந்திலேயே ஓட்டமெடுக்காமல் அவர் ஆட்டமிழந்தார். சார்ல்ஸ் டேவிஸ் என்னும் ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர், பல விளையாட்டுகளின் தலைசிறந்த வீரர்கள் தத்தம் துறையின் பொதுநிலையிலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கின்றனர் என்பதைத் திட்ட விலக்கம் என்னும் அளவையால் கணித்தார். காற்பந்தின் பெலே 3.7 அலகும் கூடைப்பந்தின் மைக்கேல் ஜோர்டன் 3.4 அலகும் உயர்ந்து நிற்க, பிராட்மன் 4.4 அலகு உயர்ந்து நின்றார். இத்தகைய முடிவைக் கண்ணால் கண்டு கூற எவராலும் இயலாது. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பெலேவையும் பிராட்மனையும் நேரில் கண்டிருந்தாலும், இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தும் கருவி கண்ணிடம் இல்லை. எண்ணின் முதல் வலிமை இதுவே எனலாம்.

பிராட்மனை விட்டுச் சிறிது கீழிறங்கினால் இதே சராசரி தடுமாறத் தொடங்குகிறது. 1999 உலகக் கிண்ணப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் லான்ஸ் குளூஸ்னர் 281 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டமிழந்தது இரண்டே முறை. ஆகவே சராசரி 140.50. அவர் பெரும்பாலும் இன்னிங்ஸின் இறுதியில் ஆட வந்தவர். ஓவர்கள் முடிந்துவிடுவதால் ஆட்டமிழக்காமல் நின்றவர். அவருடைய ஆட்டம் வியப்புக்குரியதே. எனினும் 140.50 என்னும் எண்ணின் பொருள் வேறு. நூற்று நாற்பது ஓட்டங்களை ஒரே மூச்சில் எடுக்கக்கூடியவர் என்று அதற்குப் பொருள் கொள்வாரும் உளர்.

வினோத் காம்ப்ளி 17 டெஸ்ட் ஆட்டங்களில் 1084 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 54.20. அவருடைய பள்ளித் தோழரான தெண்டுல்கர் 200 டெஸ்ட் ஆட்டங்களில் 15,921 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 53.78. இவ்விரண்டு எண்களைக் கொண்டு காம்ப்ளியே மேலானவர் என்று எவரும் வாதிட்டதாக நாம் அறியோம். மார்பளவுக்கு எழும் வேகப்பந்துக்கு எதிரே அவர் தடுமாறியதை அன்று ஆட்டத்தைக் கண்டவர்கள் குறித்துள்ளனர். அவருடைய டெஸ்ட் வாழ்வும் 1995இல் முடிவுற்றது. புள்ளியியலாளர் இதற்கு வேறு விடை தருவார்: 17 ஆட்டங்கள் போதிய தரவு அல்ல. உண்மைதான், ஆனால் எத்தனை ஆட்டங்கள் போதும் என்பதை எந்தக் கணக்கும் தானாகவே கூறுவதில்லை.

இனி வோஜஸ். 2015இல், தம் 35ஆம் வயதில், டெஸ்ட் களம் புகுந்த இவர் 20 ஆட்டங்களில் 1485 ஓட்டங்கள் எடுத்தார். 24 முறை ஆட்டமிழந்தார். சராசரி 61.87. அவருள் மேற்கிந்தியத் தீவு அணிக்கு எதிராக எடுத்தவை ஆட்டமிழக்காத 130, பின்னர் 37, ஆட்டமிழக்காத 269, ஆட்டமிழக்காத 106. மொத்தம் 542 ஓட்டங்கள். ஆட்டமிழந்தது ஒரே முறை. இந்த ஓர் அணியை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் 943 ஓட்டங்கள், 23 ஆட்டமிழப்புகள்; சராசரி 41.00. அன்றைய மேற்கிந்தியத் தீவு அணி, ஆண்டி ராபர்ட்ஸும் மைக்கேல் ஹோல்டிங்கும் வீசிய அணியன்று. வோஜஸைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று; தமக்கு வீசப்பட்ட பந்துகளை அவர் ஆடினார். முன்னுரையில் குறிப்பிட்ட மாணவனுக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது. விஸ்வநாத்தின் 41.93, வோஜஸின் 61.87 ஆகியவற்றுக்கு இடையே உள்ள இருபது ஓட்ட இடைவெளி, ஒரே ஓர் எதிரணியை நீக்கியதும் மறைந்துவிடுகிறது.

மழையில் நனைந்த களங்கள்

எண்கள் காலத்தைக் கடந்து ஒப்பிடுவதில் மற்றொரு தடை ஆடுகளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மழை பெய்தால் ஆடுகளத்தை முழுதும் மூடி வைக்கும் வழக்கம் இல்லை. நனைந்த தரை வெயிலில் காயத் தொடங்கும்போது அதன் மேற்பரப்பு பிசினைப் போல் பந்தைப் பிடிக்கும். ஒரு பந்து மார்புக்கு எழும். அடுத்தது தரையோடு செல்லும். சுழற்பந்தோ கூர்மையாகத் திரும்பும். இத்தகைய களத்தில் 30 ஓட்டங்கள் எடுப்பது, உலர்ந்த களத்தில் சதமடிப்பதற்கு நிகராகக் கருதப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் விக்டர் டிரம்பரும் கிளெம் ஹில்லும் ஒரே காலத்தவர், ஒரே அணியினர். டிரம்பர் 48 டெஸ்ட் ஆட்டங்களில் 3163 ஓட்டங்கள், சராசரி 39.04. ஹில் 49 ஆட்டங்களில் 3412 ஓட்டங்கள், சராசரி 39.21. எண்களின்படி ஹில் ஒரு மயிரிழை முன்னே நிற்கிறார். எனினும் அவர்கள் காலத்து ஆட்டக்காரரும் எழுத்தாளரும் டிரம்பரையே தம் தலைமுறையின் முதல்வராகப் போற்றினர்.

இதற்குரிய காரணத்தை இரண்டு ஆட்டங்களில் காணலாம். 1902இல் இங்கிலாந்தில் மழை மிகுந்த கோடை. மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில் களம் காய்வதற்குள் ஓட்டங்களைக் குவித்தாக வேண்டிய நிலையில், டெஸ்ட் ஆட்டத்தின் முதல் நாள் உணவு இடைவேளைக்கு முன்பே டிரம்பர் சதமடித்தார். அதற்குமுன் எவரும் அவ்வாறு செய்ததில்லை. ஆஸ்திரேலியா அவ்வாட்டத்தை வென்றது 3 ஓட்ட வேறுபாட்டில். 1904இல் மெல்பர்னில் மழைக்குப்பின் பிசினாகிப்போன களத்தில் இங்கிலாந்தின் வில்பிரட் ரோட்ஸ் 56 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆஸ்திரேலியா எடுத்த ஓட்டங்கள் 122. அவற்றுள் 74 டிரம்பருடையவை. வாழ்நாள் சராசரியில் இந்த 74 வெறும் 74தான். காய்ந்த களத்தில் களைத்த பந்துவீச்சாளருக்கு எதிரே எடுத்த 74உம் அங்கே அதே மதிப்பைப் பெறும்.

இங்கே எழுத்தாளர் இருவரைக் குறிப்பிடுதல் தகும். ‘மான்செஸ்டர் கார்டியன்’ இதழில் இசை விமர்சனமும் கிரிக்கெட்டும் ஒருங்கே எழுதிய நெவில் கார்டஸ், ஓட்டப்பலகையை ஏளனம் செய்தவர். டிரினிடாட்டில் பிறந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ், 1963இல் வெளியான தம் நூலில் கிரிக்கெட்டை நாடகம், நடனம், இசை நாடகம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கவேண்டிய கலை என நிறுவ முற்பட்டார். ஒரு கச்சேரியில் பாடப்பட்ட கிருதிகளை எண்ணிப் பாடகரை மதிப்பிடுவோர் யாருமில்லை என்பதை நினைக்க, இவ்வாதம் கவர்ச்சியுடையதே. ஆயினும் ஜேம்ஸின் ஒப்புமையை முழுமையாக ஏற்க நமக்குத் தயக்கம் உண்டு. கச்சேரியில் தோற்பவர் இல்லை. கிரிக்கெட்டில் மட்டையாளர் களம் புகுவதன் நோக்கமே ஓட்டம் எடுப்பது. பார்ப்பதற்கு இனிதாக ஆடி 12 ஓட்டங்களில் வெளியேறுபவரால் அணிக்குப் பயன் சிறிது. எண் இந்த ஆட்டத்திற்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்ததன்று. அது ஆட்டத்தின் உள்ளேயே இருப்பது.

சேப்பாக்கம், 1975

1974-75இல் கிளைவ் லாய்டின் தலைமையில் மேற்கிந்தியத் தீவு அணி இந்தியாவுக்கு வந்தது. முதலிரு டெஸ்ட் ஆட்டங்களை அவ்வணி வென்றது. கல்கத்தாவில் இந்தியா வென்றது. நான்காம் ஆட்டம் 1975 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, சேப்பாக்கத்தில் நடைபெற்றது. முதலில் ஆடிய இந்தியா ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்தைத் தாங்கவில்லை. அவர் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா எடுத்தது 190 ஓட்டங்கள். விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. கடைசி ஆட்டக்காரர் வெளியேறியபோது சதத்திற்கு அவருக்குத் தேவைப்பட்டவை மூன்று ஓட்டங்கள்.

விஸ்வநாத் குட்டையான உருவினர். அவருடைய பெயரோடு இணைந்த அடி ‘ஸ்கொயர் கட்’. உடலுக்கு வெளியே குட்டையாக விழுந்து எழும் வேகப்பந்தை, அது தம்மைக் கடக்கும் கணத்தில் மணிக்கட்டுகளின் விசையால் வலப்புறம் செங்குத்தாகத் திருப்பிவிடுவது அது. ராபர்ட்ஸைப் போன்ற வேகப்பந்து வீச்சாளருக்கு எதிரே இந்த அடியில் கணிப்பு ஒரு கணம் பிசகினாலும் பந்து மட்டையின் விளிம்பைத் தொட்டு விக்கெட் காப்பாளரிடம் சென்றுவிடும். ஒருபுறம் விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருக்க, மறுபுறம் தற்காப்பில் ஒடுங்காமல் இதனை ஆடினார் என்பதே அந்த 97இன் செய்தி. மேற்கிந்தியத் தீவு அணி 192 ஓட்டங்கள் எடுத்து இரண்டே ஓட்டங்கள் முன்னிலை பெற்றது. ஆட்ட முடிவில் இந்தியா 100 ஓட்டங்களில் வென்று தொடரைச் சமன்செய்தது. (பம்பாயில் நடந்த ஐந்தாம் ஆட்டத்தில் தோற்று 3-2 என்னும் கணக்கில் தொடரை இழந்தது வேறு செய்தி.)

புள்ளிவிவர ஏட்டில் இந்த இன்னிங்ஸ் எங்கே நிற்கிறது? விஸ்வநாத்தின் 14 டெஸ்ட் சதங்களின் பட்டியலில் அது இல்லை. அவருடைய 6080 ஓட்டங்களில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் முன்னர்க் கூறிய ‘விஸ்டன் 100’ பட்டியலில் 38ஆம் இடம் பெற்றது இதுவே. தெண்டுல்கருக்கு நீதி வழங்கவில்லை எனக் குறைகூறப்பட்ட அதே கணிப்பொறி, சேப்பாக்கத்தில் இருந்தோர் கண்டதை ஒப்புக்கொண்டது. ராபர்ட்ஸின் வலிமையும், களத்தின் தன்மையும், வென்ற செய்தியும் கணக்கில் சேர்க்கப்பட்டதால் அது நிகழ்ந்தது. கண் கண்டவற்றை எண்ணாக்கி ஊட்டியபோது எண்ணும் அதனையே கண்டது.

ஓர் எளிய கணக்காலும் இதனைக் காட்டலாம். அணியின் மொத்த ஓட்டங்களில் ஒருவரின் பங்கு எவ்வளவு என்பது அது. 1877இல் நடைபெற்ற முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவின் சார்ல்ஸ் பேனர்மன் அணியின் 245 ஓட்டங்களில் 165 எடுத்தார்; 67 விழுக்காடு. முற்றுப்பெற்ற இன்னிங்ஸ் ஒன்றில் இப்பங்கினை இதுவரை எவரும் விஞ்சவில்லை. டிரம்பரின் 74, அணியின் 122இல் 61 விழுக்காடு. விஸ்வநாத்தின் 97, அணியின் 190இல் 51 விழுக்காடு. 1987 மார்ச்சில் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராகச் சுனில் கவாஸ்கர் ஆடிய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸையும் இவற்றோடு சேர்க்கலாம். தாறுமாறாகத் திரும்பிய களத்தில் இக்பால் காசிமும் தௌசீப் அகமதும் வீச, 221 ஓட்ட இலக்கை நோக்கி இந்தியா எடுத்த 204இல் அவருடையவை 96; 47 விழுக்காடு. இந்தியா 16 ஓட்டங்களில் தோற்றது. கவாஸ்கரின் 34 சதங்களைப் பட்டியலிடுவோர் இதனைக் கூறுவதில்லை. ஆனால் அவ்வாட்டத்தைக் கண்டவர்களிடம் அவருடைய சிறந்த இன்னிங்ஸ் எது எனக் கேட்டால், பலர் இதனையே சொல்வர்.

அவருடைய மற்றொரு இன்னிங்ஸ் இதற்கு நேர்மாறு. 1975 உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ஓட்டங்கள் எடுத்திருக்க, கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து 36 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் திரும்பினார். சராசரிக் கணக்கு இதனைத் தண்டிக்காது. 36 ஓட்டங்களைச் சேர்த்துக்கொண்டு, வகுக்கும் எண்ணை மாற்றாமல் விட்டுவிடும்.

கண்ணின் பிழைகள்

இதுவரை கூறியவை கண்ணுக்குச் சார்பாக அமைந்துவிட்டன. கண்ணும் பிழைபடும், சில வேளைகளில் எண்ணைவிட மிகுதியாகப் பிழைபடும்.

இங்கிலாந்தின் டேவிட் கவர் இடக்கை ஆட்டக்காரர். வருத்தமின்றி ஆடுவதுபோல் தோன்றும் அழகிய ஆட்டம் அவருடையது. அத்தோற்றமே அவருக்குப் பகையாயிற்று. அழகாக ஆட்டமிழப்பவர் கவனக்குறைவாக ஆட்டமிழந்தார் என்றே பார்வையாளர் கருதினர். அவர் காலத்தவரான கிரகாம் கூச், கடும் பயிற்சிக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்றவர். கூச் தலைவராக இருந்தபோது 1992-93 இந்தியச் சுற்றுப்பயணத்திற்குக் கவர் தெரிந்தெடுக்கப்படவில்லை. இருவரின் எண்களைக் காண்போம். கூச் 118 ஆட்டங்களில் 8900 ஓட்டங்கள், சராசரி 42.58. கவர் 117 ஆட்டங்களில் 8231 ஓட்டங்கள், சராசரி 44.25. அக்கறையற்றவர் எனப்பட்டவர் ஒவ்வொரு முறை ஆட்டமிழப்பதற்குள்ளும் அக்கறையுடையவரைவிடச் சற்று மிகுதியாகவே எடுத்துள்ளார். இங்கே கண்ணைத் திருத்துவது எண்.

கவரை அழகு ஏமாற்றியது போல, சிவ்நாராயண் சந்தர்பாலை அழகின்மை மறைத்தது. கயானாவைச் சேர்ந்த இவர், பந்துவீச்சாளரை நோக்கி மார்பை முழுதும் திருப்பி, நண்டுபோல் நிற்பார். விக்கெட் கோலின் மேல் வைக்கும் மரத்துண்டால் தரையில் தட்டித் தம் நிலையைக் குறித்துக்கொள்வார். பாடநூல்கள் கற்பிக்கும் எந்த நிலையும் அதுவன்று. 1994 முதல் 2015 வரை 164 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்தவை 11,867 ஓட்டங்கள், சராசரி 51.37, சதங்கள் 30. மெதுவாக ஆடுபவர் என்னும் பெயரும் அவருக்கு உண்டு. 2003இல் ஜார்ஜ்டவுனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 69 பந்துகளில் சதமடித்தவரும் அவரே. மேற்கிந்தியத் தீவுகளின் சிறந்த மட்டையாளரைப் பேசும்போது லாராவின் பெயர் வந்த பின் நெடுநேரம் கழித்தே இவர் பெயர் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் ஜாக் காலிஸின் நிலையும் இதற்கு அயலானதன்று: 13,289 ஓட்டங்களும் 292 விக்கெட்டுகளும் கொண்ட ஒருவரைப் பற்றி மக்கள் பேசிய அளவு, எண்களோடு ஒப்பிடச் சிறிதே.

கண் எல்லாவற்றையும் காண்பதில்லை என்பதும் உண்மை. 200 டெஸ்ட் ஆட்டங்களையும் முழுதாகக் கண்டவர் யார்? நாம் ‘கண்டது’ என்று கூறுவதில் பெரும்பகுதி, தொலைக்காட்சி தொகுத்துக் காட்டிய நான்குகளும் ஆறுகளும் ஆட்டமிழப்புகளுமே. தடுத்தாடிய பந்துகளும், ஆடாமல் விட்ட பந்துகளும் அத்தொகுப்பில் வருவதில்லை. நினைவு பின்னர் அவற்றுள்ளும் சிலவற்றைத் தெரிந்தெடுக்கிறது. சொந்த நாட்டுப் பற்று அவற்றுக்கு மெருகூட்டுகிறது. தமிழ்த் திறனாய்வு பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. க.நா.சு.வின் ரசனை வழிப்பட்ட பட்டியல்கள்மீது எழுந்த பூசலும், யாருடைய ரசனை என்னும் வினாவைச் சுற்றியதுதான்.

யாருடைய கண் என்பதே இங்கும் வினா. 1938 ஜூனில் நாட்டிங்காம் டிரென்ட் பிரிட்ஜில் இங்கிலாந்து 8 விக்கெட்டுகளை இழந்து 658 ஓட்டங்கள் குவித்திருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்கெட்டுகள் சரிய, ஸ்டான் மெக்கேப் தனித்து நின்று 235 நிமிடங்களில் 232 ஓட்டங்கள் எடுத்தார். கடைசி ஆட்டக்காரரை எதிர்முனையில் வைத்துக்கொண்டு 28 நிமிடங்களில் சேர்ந்த 77 ஓட்டங்களில் 72 அவருடையவை. அணித்தலைவர் மாடத்தில் நின்று ஆட்டத்தைக் கண்டுகொண்டிருந்தார். உள்ளே இருந்த ஆட்டக்காரர்களை வெளியே அழைத்து, இதனைப் பாருங்கள், இதுபோன்ற ஒன்றை இனிக் காணமாட்டீர்கள் என்னும் பொருள்பட அவர் கூறியதாகப் பதிவுகள் உள்ளன. அந்த அணித்தலைவர் பிராட்மன். மெக்கேப்பின் வாழ்நாள் சராசரி 48.21, அழைத்தவருடையது அதனைப்போல் இரு மடங்குக்கும் மேல். கண்ணின் சான்றுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுவதாக நாம் கருதுகிறோம். அந்தப் பந்துகளைத் தாமே ஆடியவர், அவற்றை ஆடுவதன் அருமையை அறிந்து சொல்கிறார்.

பார்த்து எழுதப்படும் எண்

2001இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ‘ஹாக்-ஐ’ என்னும் கருவி பந்தின் பாதையைக் காட்டத் தொடங்கியது முதல், எண்களின் நுட்பம் பெருகியுள்ளது. பந்து எங்கே விழுந்தது, எவ்வளவு திரும்பியது, எத்திசையில் அடிக்கப்பட்டது என்பன இன்று தரவுகள். முன்னாளில் கண்ணால் மட்டுமே கூறக்கூடியதாயிருந்த பல செய்திகளை இன்று எண்ணாலும் கூறலாம்.

2004 ஜனவரியில் சிட்னியில் தெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் எடுத்த 241 இதற்குச் சான்று. அத்தொடரில் ஆஃப் பக்கம் ஆடும் ‘கவர் டிரைவ்’ அடியை முயன்று பலமுறை ஆட்டமிழந்திருந்த அவர், பத்து மணி நேரத்திற்கும் மேலாக நீண்ட அந்த இன்னிங்ஸில் தமக்கு மிக விருப்பமான அந்த அடியை விலக்கியே வைத்தார். ஓட்ட அட்டையில் 436 பந்துகளும் 241 ஓட்டங்களும் உள்ளன. செய்யாமல் விட்டது அதில் இல்லை. ஓட்டங்கள் சென்ற திசைகளைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் கவர் பகுதி ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கும். ஆனால் அவ்வெறுமைக்குப் பொருள் காண, அவர் அதற்குமுன் எவ்வாறு ஆட்டமிழந்தார் என்பதைக் கண்டிருக்க வேண்டும்.

புதிய அளவைகளுள் ஒன்று ‘கட்டுப்பாட்டு விழுக்காடு’ எனப்படுவது. மட்டையாளர் தாம் எண்ணியவாறு ஆடிய பந்துகள் எத்தனை, விளிம்பில் பட்டும் தவறவிட்டும் தப்பிய பந்துகள் எத்தனை என்பதைக் கூறுவது இது. நற்பேற்றால் எடுத்த 80 ஓட்டங்களையும் திறத்தால் எடுத்த 80 ஓட்டங்களையும் இது பிரித்துக் காட்டக்கூடும். சராசரி என்றும் செய்யாத பணி. இவ்வெண் எவ்வாறு உண்டாகிறது என்று நோக்கின் வியப்பு ஏற்படும். ஒவ்வொரு பந்தையும் பதிவாளர் ஒருவர் பார்க்கிறார். மட்டையாளரின் கட்டுப்பாட்டில் இருந்ததா இல்லையா எனத் தீர்மானித்துக் குறிக்கிறார். தேர்வுத் தாளைத் திருத்தும் ஆசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம். பட்டியலில் ஏறியபின் மதிப்பெண் எண்ணாகவே தோன்றும்; அதனை இட்ட கணத்தில் ஒருவர் படித்துத் தீர்ப்பளித்தார் என்பது மறைந்துபோகும்.

லால் சிங்கின் 44 ஓட்டங்கள்

இதுகாறும் எடுத்துக்காட்டியோர் பல்லாயிரம் ஓட்டங்கள் எடுத்தவர்கள். எண்கள் மிகச் சிலவாக உள்ளபோது என்ன நேர்கிறது என்பதற்கு மலேசிய வாசகர்க்கு அண்மையான ஒரு சான்று உண்டு. 1932 ஜூனில் இலண்டன் லார்ட்ஸ் அரங்கில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. அவ்வணியில் ஆடிய லால் சிங் 1909இல் கோலாலம்பூரில் பிறந்தவர். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் ஆட்டம் அதுதான். எடுத்த ஓட்டங்கள் 15, 29, மொத்தம் 44, சராசரி 22.00. எந்தத் தரவுத்தளத்திலும் அவரைப் பற்றிக் கிடைக்கும் செய்தி ஏறக்குறைய இவ்வளவே.

இரண்டாம் இன்னிங்ஸில் இந்தியா தோல்வியை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தபோது, லால் சிங்கும் அமர் சிங்கும் இணைந்து 40 நிமிடங்களில் 74 ஓட்டங்கள் சேர்த்தனர். அமர் சிங்கின் 51 ஓட்டங்களுக்கு அருகில் லால் சிங்கின் 29 சிறியதாகத் தெரியும். அந்த ஆட்டத்தில் அவரைக் கண்டோர் நினைவில் வைத்ததோ அவருடைய மட்டையை அன்று. முதல் நாள் காலையில் முகமது நிசார், இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் இருவரின் கோல்களையும் சாய்த்திருந்தார். அடுத்து வந்த ஃபிராங்க் வூலி, இங்கிலாந்தின் பேரழகு மட்டையாளருள் ஒருவர். லால் சிங் பாய்ந்து பந்தை எடுத்து எறிந்து அவரை வெளியேற்றினார். 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து இங்கிலாந்து நின்றது. அக்காலத்து ஓட்ட அட்டைகளில் பந்தைப் பிடித்து ஆட்டமிழக்கச் செய்தவரின் பெயரை எழுதுவர். ரன் அவுட் செய்தவரின் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. ஆகவே அந்த அட்டையின் மூன்றாம் வரியில் இன்றும் ‘வூலி, ரன் அவுட், 9’ என்றே உள்ளது.